பதினோராம் பக்கம்

இன்று காலை நூலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் உன் பெயர். போன ஆடியில் உன் காரியத்துக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் எழுந்து போனவள் நான். அப்புறம்தான் புரிந்தது, உன் வலைப்பூவுக்கு யாரோ பின்னூட்டம் போட்டிருக்கிறார். அங்கே வருவதெல்லாம் எனக்கும் வந்து சேரும்படி நீதானே செய்துவைத்தாய்.

எழுதியவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் வேலை பார்க்கிறாராம். வெள்ளாற்றில் வெள்ளம் வந்ததைப் பாடும் அந்தப் பழைய சிந்துப் புத்தகத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தார். "சகோதரிக்கு ஸலாம். எங்க அத்தா இத மனப்பாடமா பாடுவாங்க. பத்தாம் பக்கத்துக்கு அப்புறம் பன்னெண்டு வருதுங்க. நடுவுல ஒரு பக்கத்தக் காணோம். கொஞ்சம் பாத்துப் போடுங்க, உங்களுக்காக துஆ செய்றேன்." நீ இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

இன்னொரு நாளாக இருந்தால் மெதுவாகப் பார்த்திருப்பேன். ஆனால் வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. கரையான் அரித்ததும் மழையில் ஊறியதுமான புத்தகங்களைக் கழித்து, காகித ஆலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. இங்கே என்னோடு வேலை பார்த்தபோது நீ போனில் படம் பிடித்து வலையில் ஏற்றிய சின்னப் புத்தகங்களும் அதில் சேர்த்தி. ஊர்ப் பாட்டு, கும்மி, கரும்பு வைத்தியம், மாட்டு வைத்தியம் என்று வேறெங்கும் தேடினாலும் கிடைக்காதவை. வலையில் முழுதாக இருக்கின்றன, தாள் போனால் பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்ததே நான்தான். சாக்குகளை இரண்டு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

மேசையில் உட்கார்ந்து உன் வலைப்பூவில் அடுத்த புத்தகத்தைத் திறந்தேன். பதினொன்று இல்லை. அடுத்தது. இல்லை. கும்மிப் பாட்டிலும் இல்லை, மாட்டு வைத்தியத்திலும் இல்லை. எத்தனையோ பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள், கீழே 'அருமை', 'பொக்கிஷம்' என்று கைகூப்பிப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூடப் பதினோராம் பக்கம் வரை படிக்கவில்லை! இதற்குத்தானா ஞாயிற்றுக்கிழமையெல்லாம் விக்கிரமங்கலத்தில் உன் வீட்டு மொட்டை மாடியில் வெயில் பார்த்து, குடை பிடித்துப் படம் எடுத்தாய்?

ஏன் பதினொன்று என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் நாம் குத்துகிற முத்திரை ஊருக்கே தெரியும். திருட்டுப் போனால் அடையாளம் காண உள்ளே ஒரு பக்கத்தில் குத்துவது நமக்கு மட்டும் தெரியும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் நீ செய்த ரகளை ஞாபகம் இருக்கிறதா? முன்னும் பின்னும் கிழித்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாய், முதுகைத் திருப்பிக்கொண்டு பதினொன்றைப் பார்த்தாய். "இது எங்க புள்ள, நாங்க கூட்டிட்டுப் போறோம்"னு கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நடந்தாய். அவர் கத்தக் கத்த நான்தான் பின்னால் ஓடி வந்தேன். பஸ்ஸில் ஏறியதும், "எந்தப் பக்கம்னு அவனுக்குக் காட்டலல்ல?" என்று என்னைக் கேட்டாய். வாசகர் முன்னால் புத்தகத்தைப் பிரித்தால்கூட அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறவள் நீ. அதை உலகத்துக்கே போட்டுக் காட்டுவாயா?

முத்திரையை மட்டும் மறைத்துப் படம் எடுத்திருக்கலாமே, கூறு கெட்டவளே. மறைத்த இடமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்திருப்பாய். உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கத்துவதற்கு நீ இல்லை என்பதில் இன்னும் கோபம் வந்தது.

வெளியே ஓடி வேனின் குறுக்கே நின்றேன். "இறக்குங்க எல்லாத்தையும்" என்றேன். டிரைவர், "என்னக்கா வெளையாடுறீங்களா? எறையூர்ல இன்னொரு லோடு நிக்குது. ஆபீஸ்ல சொன்னாத்தான் எறக்குவேன்" என்று வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் உறுமுகிறது, நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு போனில் அதிகாரியைக் கூப்பிடுகிறேன். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"முழுசா ஏத்தியாச்சுன்னு நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க?"

"ஒரு பக்கம் விட்டுப்போச்சு சார். எல்லாத்துலயும்."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. அந்தம்மா வேலைய அரைகுறையா செஞ்சிட்டுப் போயிட்டாங்க, இப்பத்தான் கவனிச்சேன்னு எழுதி வாட்ஸ்அப்புல அனுப்புங்க. நிறுத்தச் சொல்றேன். இல்லன்னா வண்டிய விடுங்க, எனக்கு வேற வேலை இருக்கு."

எழுதினால் புத்தகம் தப்பித்துவிடும். டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்துவிட்டார். வெள்ளைத் தாளை வேன் முகப்பில் வைத்து 'மறைந்த நூலகர்' என்று எழுதினேன், பேனா அதற்கு மேல் போகவில்லை. காய்ச்சலோடு மொட்டை மாடி ஏறியவளை அரைகுறை என்று என் கையெழுத்திலேயே எப்படி எழுதுவது? அடித்துவிட்டு வேறு எழுதினேன். இது பிழையல்ல, எங்கள் கிளையின் ரகசியப் பக்கம் பதினொன்று, அதைக் காப்பது நூலகர் கடமை, அவர் கடைசி வரை காத்தார், ஆகவே மூலப் பிரதிகள் அவசியம் வேண்டும். படம் எடுத்து அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "என்னம்மா, ரகசியம்ங்கறீங்க, நம்பரையும் எழுதியிருக்கீங்க?"

"இனிமே அது ரகசியமில்ல சார்."

"போன டிரைவர்ட்ட குடுங்க" என்றார்.

சாக்குகள் இறங்கிவிட்டன. சிந்துப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அந்தப் பக்கத்தை வரி வரியாகத் தட்டி உன் வலைப்பூவில் பதிலாகப் போட்டேன். வெள்ளம் வடிந்து ஆட்கள் கரையேறும் இடம் அது. மற்றதையெல்லாம் இனி நான்தான் படம் பிடிக்க வேண்டும். உன் பாஸ்வேர்டு உன்னோடு போய்விட்டதால் புதிதாக ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். கரண்ட் போனால் உன் உலகம் போயிடுமா என்று உன்னைக் கேலி செய்தவளுக்கு வந்த வாழ்வைப் பார்.

சாயங்காலம் புதுப் புத்தகக் கட்டைப் பிரித்து முத்திரை குத்த உட்கார்ந்தேன். பழைய எண் இனி ஆகாது. "ஒருத்திக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, நாளைக்கு அவ இல்லன்னா போச்சுடி. ரெண்டு பேருக்குத் தெரியணும்" என்பாய். யோசித்து வேறொரு எண்ணை முடிவு செய்து, உன் நாற்காலியைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த மடலிலும் எழுத முடியாது. இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.