நெற்றியில் ஒரு கடுகளவு

செப். 7, ஞாயிறு

மேல்காற்று நின்றுவிட்டது. ஒரே புழுக்கம். ஆராதனை முடிந்து வந்தால் வாசலில் மாமாவின் பைக். அம்மாவின் தம்பி. அப்பா போனபிறகு இந்த வீட்டில் எதையும் முடிவு செய்வது அவர்தான்.

தங்கை செல்விக்கு அடுத்த ஞாயிறு நிச்சயம். சேர்மாதேவியிலேயே மண்டபம் பேசியாயிற்று.

"மூத்தவள வச்சுக்கிட்டு இளையவளுக்குப் பேசுதோம். அதுக்கே ஊரு ஆயிரம் கேக்கு. அன்னைக்கு மட்டும் நெத்தியில ஒரு கடுகளவு பொட்டு வச்சுட்டு வா. கடுகளவு. அதுக்கு ஒங்க ஏசு கோவிச்சுக்கிடுவாரோ?"

செல்வி சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"வைக்கலன்னா?"

"மண்டபத்துப் பக்கம் வராண்டாம்."

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

செப். 8, திங்கள்

பாளையங்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் முகத்தில் பிரேம் வைத்துப் பார்க்கிற வேலை. பொட்டு, திருநீறு, நாமம், வெறும் நெற்றி. எல்லாருக்கும் தூரத்து எழுத்துதான் தெரியவில்லை.

வேதத்தில் பொட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. தேடிவிட்டேன். வெறும் பொட்டு என்றால் வைத்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் மாமாவுக்கு வேண்டியது மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு பதில்: இந்த வீட்டில் வேதக்காரி யாரும் இல்லை. அதை என் நெற்றியில் ஒட்டச் சொல்கிறார்.

ஈஸ்டரில் ஞானஸ்நானம் எடுத்ததிலிருந்து:
சித்தி வீட்டுக் குழம்பு வருவதில்லை.
எனக்கு வந்த ஒரே வரன் திரும்பவில்லை. (இதில் பெரிய வருத்தம் இல்லை.)
அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. (இதில் உண்டு.)

செப். 10, புதன்

மின்வெட்டு. கிரைண்டர் பாதியில் நின்றுபோய், அம்மா மாவைக் கையால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நிச்சயத் தட்ட யாரு எடுத்துட்டுப் போவா? நான் போக முடியாது."

"சித்தி எடுக்கட்டும்."

"சித்தியா பெத்தா?"

என்னை மடக்குவதற்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு. ஒரு பக்கமும் ஓடவில்லை.

செப். 12, வெள்ளி

தலையணை மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை. மெரூன். மிளகைவிடச் சின்னது. செல்வி வேலை. எந்தக் கடையில் தேடி எடுத்தாளோ.

"அக்கா, புடிக்கலன்னா வைக்காண்டாம். ஆனா வா."

"மாமா சத்தம் போடுவாரே."

நகத்தால் அட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். திரும்பக் கொடுத்துவிட்டேன். அதை அவள் வாங்கிக்கொண்ட விதத்தை நான் எழுதப்போவதில்லை.

செப். 14, ஞாயிறு

போகவில்லை. காலையில் செல்வியின் தலைக்குப் பூ வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு, வேதக்கோயிலுக்குப் போனேன். ஜெப வேளையில் என் பேரைச் சொல்லி, விசுவாசத்துக்காகப் பாடுபடும் சகோதரி என்றார்கள். எல்லாத் தலைகளும் ஒருமுறை திரும்பின. எனக்கு அது இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது, இனித்தது.

மூன்று மணிக்கு அம்மா மட்டும் வந்தாள். கையில் எனக்குச் சாப்பாட்டுப் பொட்டலம்.

"தட்டு யாரும்மா எடுத்தா?"

"சித்தி."

"நீ எங்க இருந்த?"

"பந்திக்கட்டுல, எல போடுத எடத்துல. மோதிரம் போட்டத ஒங்க மாமன் செல்போன்ல காட்டுனான்."

சேலையை மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ வைக்க மாட்டேன்னு நிக்க. நில்லு. நான் எட்டு வருசமா வைக்காமத்தான் நிக்கேன். ஒங்கப்பா போன பதினாறாம் நாள் எவ கையால அழிச்சான்னு ஒரு நாளாவது கேட்டியாட்டி?"

கேட்டதில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் அம்மா பின்வரிசையில்தான். அம்மாவுக்கு அங்கேதான் பிடிக்கும் என்று இருந்துவிட்டேன். வேதத்தில் விதவை என்று வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன்.

செப். 15, திங்கள்

தலைவலி. லீவு சொல்லவில்லை, போனேன். ஒரு லென்ஸை மாற்றி மாட்டிவிட்டேன். "எங்கன இருக்கு புத்தி?" என்றார் முதலாளி அண்ணாச்சி.

நான் சுமப்பது என் சிலுவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதன் மறுமுனை அம்மாவின் தோளில் இருந்ததைப் பார்க்கவில்லை. நெற்றி விஷயத்தில் மனம் மாறவில்லை, மாறாது. வருத்தம் வேறு இடத்தில்.

செப். 16, செவ்வாய்

வேலை முடிந்து நேரே மாமாவின் உரக்கடைக்கு. கார் நெல் அறுவடை நேரம், கடையில் ஆளில்லை. என்னைப் பார்த்ததும் கணக்கு நோட்டைத் திறந்துகொண்டார்.

"மாமா, தையில செல்வி கல்யாணத்துக்கும் நான் பொட்டு வைக்க மாட்டேன். வராதன்னா வரல. ஆனா அம்மா முன்னால நிக்கணும். தட்டு அவ எடுக்கணும்."

"இதையும் ஒங்க சபையில சொல்லிக்குடுத்தாங்களோ?"

"இல்ல. அங்கயும் யாரும் சொல்லல. எனக்கே முந்தாநேத்துதான் ஒறச்சது."

"ஒங்கம்மாவே வர மாட்டா."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

ஒரு மூட்டையைத் தேவையில்லாமல் நகர்த்தி வைத்தார். "இருட்டுது. பைய போ."

வீட்டில் சொன்னேன்.

"ஒன்ன யாரு போயிக் கேக்கச் சொன்னா?" அம்மாவுக்குக் கோபம். அடுப்படிக்குள் போனாள். பாத்திரச் சத்தம். பிறகு சத்தம் நின்றது.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கும் போவேன்."

"நாளைக்குப் போகாத. வெள்ளிக்கிழம போ. வெரதம் இருப்பான், சத்தம் போட மாட்டான்."