பறப்பதைச் சுடாதே

கங்கர்லுவர்சுக்,
ஜூன் 9

என் அன்பு அப்பாவுக்கு, உன் மகன் ஏனோக் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நாய்களும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே கடலுக்கு அப்பால் ஓர்ஹூஸ் நகரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், வகுப்புப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் போன மாதம் கடைசியில் வந்த கப்பலில் வந்தது. அதை மூன்று முறை படித்தேன், ஒருமுறை கண்ணாடி போட்டு, ஒருமுறை போடாமல், ஒருமுறை படகில் தனியாக உட்கார்ந்து. எப்படிப் படித்தாலும் அதில் எழுதியிருந்தது மாறவில்லை. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் சோம்பல் இல்லை, நடுவில் இங்கே சில காரியங்கள் நடந்துவிட்டன, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கறுப்பி ஐந்து குட்டி போட்டிருக்கிறாள், ஐந்தும் அடுத்த வீட்டு கெர்த்தின் நாயைப் போலவே காது சாய்ந்து இருக்கின்றன, கெர்த் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி போகிறான். படகு எஞ்சினைப் பிரித்து மாட்டினேன், ஒரு திருகு மிச்சமாகிவிட்டது, ஆனாலும் ஓடுகிறது. கடற்கழியில் பனி முழுக்க உடைந்து போய்விட்டது. ராத்திரியிலும் சூரியன் இறங்கவே மாட்டேன் என்கிறது, உன் அம்மா ஜன்னலுக்குக் கம்பளி மாட்டியிருக்கிறாள்.

இனி உன் விஷயம். நீ அந்த வேட்டை உரிமத் தேர்வில் தோற்றதை அம்மாவிடம் போனில் சொன்ன அன்றே ஊரில் பதினொரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது, அதற்கு என்னைக் கோபிக்காதே, அவள் கடைக்குச் சர்க்கரை வாங்கப் போனாள், அவ்வளவுதான். ஆறு வயதிலிருந்து வேட்டைக்கு வருகிறவள், பயிற்சி வகுப்பு எதற்கு என்று நேராகத் தேர்வுக்குப் போய் நின்றாயே, அது நம் குடும்பத்துத் திமிர், அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. களிமண் தட்டை ஆகாயத்தில் வீசுவார்கள், பறக்கும்போதே சுட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? நீ தட்டு பறப்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து, அது புல்லில் விழுந்து உருண்டு அசையாமல் நின்ற பிறகு, மூச்சைப் பிடித்து, நிதானமாகச் சுட்டாய். தூள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதையும் அப்படியே சுட்டதும் தேர்வு அதிகாரி ஓடி வந்து உன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். இதை நான் கடையில் சொன்னபோது கடைக்கார அபியா கல்லாவை விட்டு வெளியே வந்து, “மூணு போட்டாங்க, மூணையும் அடிச்சா. அப்புறம் எதுல தோத்தா? அந்த ஆளுக்குத்தான் எண்ணத் தெரியல” என்று சத்தம் போட்டான். ஊர் முழுக்க உன் பக்கம்தான் என்பதை முதலில் தெரிந்துகொள்.

ஆனால் நீ எழுதிய மற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு அறையில் உன்னோடு வேலை பார்ப்பவர்கள் கையைத் துப்பாக்கி மாதிரி பிடித்து, தரையில் கிடக்கும் ரொட்டித் துண்டைக் குறிபார்த்துச் சிரிக்கிறார்களாம். இத்தனை வருஷம் படகில் கற்றதெல்லாம் இங்கே சிரிப்புக்குத்தான் உதவுகிறது என்று எழுதிவிட்டு, ஆகஸ்டில் கலைமான் வேட்டைக்கு வரமாட்டேன், எனக்காகக் காத்திருக்க வேண்டாம், என் இரட்டைக்குழல் துப்பாக்கியை கெர்த்துக்குக் கொடுத்துவிடு என்று முடித்திருக்கிறாய். வேறு எந்தப் பெண் இப்படி எழுதியிருந்தாலும் அவளுடைய தகப்பன் முடியாது போடி என்று எழுதியிருப்பான். என் கதை அப்படியா? என் அப்பா ஹென்ரிக் செத்த மூன்றாம் மாதம் நீ பிறந்தாய், அவர் பெயரை உனக்கு ஹென்ரினே என்று வைத்தோம், பெயரோடு அவரும் திரும்பி வந்துவிட்டார் என்று ஊரே வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கியது. அன்றிலிருந்து நீ எனக்கு அப்பா, நான் உனக்கு மகன். உன்னை ஒருநாளாவது அதட்டியிருப்பேனா? பெற்ற தகப்பனை யார் அதட்ட முடியும்? நாலு வயதில் நீ என் பூட்ஸில் மீன் தலையைப் போட்டுவைத்தபோதுகூட, அப்பா ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார் என்று காலை விட்டேன்.

பறப்பதைச் சுடாதே, உட்காரும்வரை பொறு, ஒரு தோட்டாவுக்கு ஒரு பறவை என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான் என்பதால் பழி என்மேல்தான் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன், அந்தச் சட்டத்தை எனக்குச் சொன்னவர் என் அப்பா. அதாவது நீ. அப்படியானால் தப்பு உன்னுடையதுதான், நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

நீ அடித்த முதல் பனிக்கௌதாரி நினைவிருக்கிறதா? முதல் வேட்டையில் அடித்தவர் ஒரு வாய்கூடத் தின்னக் கூடாது, முழுக்க ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்றதும் ஆறு வயதில் நீ அழுத அழுகை. ஒரே ஒரு பறவை, அன்றும் பதினொரு வீடு. தட்டில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய், உபதேசியாருக்குக் கொடுத்த நெஞ்சுத் துண்டு பெரிது என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பிய்த்து வாங்கி வந்தாய், அவர் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தார். கெர்த் வீட்டுக்கு வரும்போது கால் இரண்டுதான் மிச்சம், அதையும் அவன் “அடடா, எனக்குப் பிடிச்ச இடமே இதுதான்” என்று வாங்கிக்கொண்டான். பதினாலு வயதில் மூடுபனியில் கூடாரத்துக்குள் மூன்று நாள் மாட்டிக்கொண்டோமே, நான் சர்க்கரையை மறந்துவிட்டு வந்ததற்கு, “மகனே, உன்னை நான் வளர்த்த விதமே சரியில்லை” என்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அன்று நான் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பயமாகவும் இருந்தது, அப்பாவின் குரல் அப்படியே. அப்புறம் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓடையில் நான் வழுக்கிக் கால் பிசகினபோது, கறி மூட்டையை முதலில் அக்கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என்னைத் தூக்கினாய். முதலில் கறியையா தூக்கினாய் என்று நான் கேட்டதற்கு, “கறிய நரி தின்னுடும், உங்கள எது தின்னும்?” என்றாய். படகுக்கு வந்ததும் மூன்று சர்க்கரை போட்டு எனக்குக் காபி ஊற்றினாய். நான் வழுக்கி விழுந்ததை இன்றுவரை நீ ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் கவனிக்காமல் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். பறக்கிற தட்டை அடிப்பது அப்படி என்ன பெரிய காரியம் என்று பார்க்கலாம் என்று போன ஞாயிறு கோயில் முடிந்ததும் நானும் கெர்த்தும் உன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனோம். களிமண் தட்டுக்கு எங்கே போவது? கெர்த்தின் பெண்டாட்டி முன்கூட்டியே அலமாரியைப் பூட்டிவிட்டாள், நம் வீட்டு அலமாரிக்குப் பூட்டு கிடையாது. காபி விருந்துக்கு மட்டும் எடுக்கும் நீலப்பூப் போட்ட சாசர் பன்னிரண்டு இருந்ததே, அது. ஒன்றிரண்டு போனால் தெரியாது என்றுதான் ஆரம்பித்தோம். அவன் வீச நான் சுட்டேன், நான் வீச அவன் சுட்டான். பதினொன்று வீசினோம், ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. சில பாறையில் விழுந்து உடைந்தன, இரண்டு கடலுக்குள் போயின. நான்கு மட்டும் பாசிமேல் மெத்தென்று விழுந்து பிழைத்தன, அவற்றை கெர்த் பழக்கத்தில் உட்கார்ந்த நிலையில் ஒவ்வொன்றாகச் சுட்டுவிட்டான். சுட்டு முடித்த பிறகுதான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். “அட, உம் மக செஞ்சதையே நானும் செஞ்சுட்டேனேடா” என்றான்.

அப்போதுதான் உன் அம்மா அமாலியே வந்தாள், வெடிச் சத்தம் கேட்டு அவள் பின்னாலேயே அபியாவும் உபதேசியாரும் வந்தார்கள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே உடைந்ததை எல்லாம் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றோம், திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். “இன்னும் ஒண்ணு இருக்கில்ல?” என்றாள். இருக்கிறது என்றேன். “துப்பாக்கியக் குடுங்க. கெர்த், நீ போடு.” கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் வீடு பெருக்கும்போது நகர்த்தியதைத் தவிர அவள் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கெர்த் பயத்தில் சாசரைக் கொஞ்சம் அதிக உயரமாகவே வீசிவிட்டான். அவள் சுட்டாள். சாசர் நடு ஆகாயத்தில் தூளாகி எங்கள் தலையில் கொட்டியது. உன் அம்மா துப்பாக்கியை இறக்கி என்னைப் பார்த்து, “இதுக்குத்தானா அப்பாவும் மகனுமா வருஷா வருஷம் மூணு வாரம் வீட்ட விட்டு ஓடுனீங்க?” என்று கேட்டாள்.

அதோடு முடியவில்லை. அவளுக்கு இது முதல் வேட்டை இல்லையா, அப்படியானால் விருந்து வைக்க வேண்டுமே என்று அபியா கிளப்பிவிட்டான். தின்ன முடியாதது வேட்டையில் சேருமா என்று உபதேசியார் இழுத்தார். “பறந்துச்சா? பறந்துச்சு. அடிச்சாங்களா? அடிச்சாங்க. விழுந்துச்சா? உங்க தலையிலயே ஒரு சில்லு இருக்கு பாருங்க” என்று அபியா அவர் தொப்பியிலிருந்து எடுத்துக் காட்டினான். உபதேசியார் தொப்பியைக் கழற்றி உதறினார். புதன்கிழமை விருந்து நடந்தது. ஊரே வந்தது, அவரவர் கோப்பையும் சாசரும் அவரவரே கொண்டுவந்தார்கள், வேறு வழி? பாசியில் தேடிப் பொறுக்கியதில் பன்னிரண்டு சில்லு தேறின, முறைப்படி உன் அம்மா ஒன்றையும் வைத்துக்கொள்ளாமல் நம் வீடு போகப் பத்து வீட்டுக்கும் பங்கு கொடுத்தாள், எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உன் பங்கு இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி இருக்கிறது, கையைக் கீறிக்கொள்ளாதே.

துப்பாக்கி விஷயத்தில் உன் சொல்லை நான் மீறவில்லை. விருந்து முடிந்ததும் கெர்த்திடம் கொண்டுபோய் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “செத்தவங்க துப்பாக்கின்னா வாங்கிக்கலாம். அவ நல்லாத்தான இருக்கா? குடுக்கணும்னா அவளே வந்து குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டான். திரும்பி வந்தால் உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆகஸ்டில் படகில் தானும் வரப்போவதாகச் சொல்கிறாள், இப்போதே இரண்டு தலையணை எடுத்துவைத்துவிட்டாள். அவளைப் பற்றி உனக்குத் தெரியாதா, அவள் நல்ல மனுஷி, ஆனால் வாய் ஓயாது. ஒரு மணி நேரம் பேசாமல் பாறைக்குப் பின்னால் படுத்துக் கிடப்பது அவளால் ஆகிற காரியமா? கலைமான் எல்லாம் உள்நாட்டுப் பனிப்பாளம் வரைக்கும் ஓடிவிடும்.

நீ மறுபடி தேர்வு எழுது என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. எழுதினால் இந்தத் தடவை பயிற்சிக்குப் போ. அந்தச் சாப்பாட்டு அறைக்காரர்களிடம், ஒருநாள் கூடாரத்தில் மூடுபனியில் படுத்துப் பார்க்கச் சொல், சர்க்கரை இல்லாமல். ஆனால் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன், நேரில் சொல்ல எனக்கு வராது. வீட்டில் நீயும் நானும் பேசியது மிகக் குறைவு. பள்ளியில் உன் தோழி யார், ஓர்ஹூஸில் உன் அறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எதற்காக அழுவாய், எனக்கு எதுவும் தெரியாது. பாறைமேல் என் பக்கத்தில் படுத்திருக்கும்போது நீ எந்த நொடியில் மூச்சைப் பிடிப்பாய் என்பது மட்டும் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதே போதும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ துப்பாக்கியைக் கொடுத்துவிடு என்றதும், இனி உன்னிடம் எதைப் பற்றிப் பேசுவது என்று தெரியாமல் படகில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள். அம்மா அனுப்பிய உலர்ந்த கறியை வகுப்பில் வைத்துத் தின்னாதே, வாசனைக்குப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சொல்லச் சொன்னாள். மகனாக உன் கையைப் பிடித்துக் குலுக்கியும், தகப்பனாக உன் உச்சந்தலையை மோந்தும் வாழ்த்துகிறேன், எது முந்தி எது பிந்தி என்று நீயே வைத்துக்கொள். ஆகஸ்ட் பத்தாம் தேதி காலை படகு புறப்படுகிறது. நீ வராவிட்டாலும் புறப்படும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

உன் மகனும் தகப்பனுமான
ஏனோக்