ஹாரன் சத்தம்

18-8-1996, ஞாயிறு

இன்று மனைவி கமலாவைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய் பேட்டரி வண்டி பார்த்தேன். முதலாளி விசைத்தறிகளைச் சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டிக்கு மாற்றிவிட்டார். காலை ஷிப்டுக்கு அங்கே போய்ச் சேர பஸ் கிடையாது. நாற்பத்தாறு வயதாகியும் சைக்கிள்கூட ஓட்டிப் பழகாதவன் நான். மொபெட் என்றாலே பயம்.

"இதுல கியர் இல்லீங்கண்ணா, சத்தமே வராதுங்க" என்றார் கடைக்காரர். இருபது வருஷமாகத் தறிச் சத்தத்தில், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டு கிடக்கிறவனுக்கு அதுவே பிடித்துப்போனது. கடை வாசலில் காலை ஊன்றி ஊன்றி இரண்டு சுற்று வந்தேன். விழவில்லை.

"ஹாரனை அமுக்கிப் பாருங்க" என்றார்.

அமுக்கினேன். "ஹாரன் வேலை செய்யலீங்களே?" என்றேன்.

நான் கேலி பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். கமலா காதைப் பொத்தியிருந்த கையை மெதுவாக எடுத்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே கேக்கலீங்களா?"

"சும்மா சொன்னேன் அம்மணி" என்று நானும் சிரித்துவைத்தேன். மறுபடி அமுக்கினேன். விரலுக்கடியில் சின்னதாக ஓர் அதிர்வு, அவ்வளவுதான்.

இந்த வண்டியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை முதல் அவிநாசி ரோட்டில் போக வேண்டும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான். நான் ஒதுங்கிவிடுவேன் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் வருவான்.

பஸ்ஸில் திரும்பும்போது கமலா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

பேசினாளோ என்னவோ.