ஊதக்கூடாத எட்டு மாதம்

மர்பி டவுன், பெங்களூர்
11.2.2001

அன்புள்ள முனிகிருஷ்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீ இளைத்துவிட்டாய் என்று உன் அம்மா போட்டோவைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்கப் புகார் சொல்கிறார். பஹ்ரைன் வெயிலில் வெல்டிங் செய்கிறவன் பருத்தால்தான் அதிசயம் என்றேன். அதற்கும் எனக்குத்தான் திட்டு. போனில் பேசு என்கிறாய். பேசினால் என் மேல்வரிசைப் பல்செட் கடகடவென்று ஆடுவது எனக்கே கேட்கிறது. அதனால் கடிதம்தான்.

போன மாதம் சிவாஜிநகரில் ஒரு கல்யாண ஊர்வலம். டிரம்பெட்டில் உச்சத்துக்குப் போனேன். பல்செட் கழன்று நாக்கின் மேல் விழுந்துவிட்டது. ஊர்வலமே நின்று சிரித்தது. மறுநாள் பேண்டு மாஸ்டர் உமேஷ் என் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து, "அண்ணா, இனிமே நீங்க இதை ஆட்டுனா போதும்" என்றான். இருபத்தாறு வருடம் டிரம்பெட் ஊதியவன் நான். கிலுகிலுப்பையை அவன் வேனிலேயே வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

பல் டாக்டர் காலேஜுக்குப் போனேன். எலும்பில் திருகாணி பதித்து அதன் மேல் பல் கட்டுகிறார்களாம், கழலவே கழலாதாம். ஆனால் என் மேல்தாடையில் திருகாணி நிற்க எலும்பு போதவில்லை. எட்டு வருடம் பல்செட் அழுத்திக் கரைந்துவிட்டது. கடைவாய்ப் பக்கம் அப்பளக் கனம்தான் மிச்சம், அதற்கு மேலே மூக்கோடு சேர்ந்த காற்றறை. டாக்டர் ரூபினி என் கீழ்த்தாடையிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து, அந்தக் காற்றறையின் சவ்வை மேலே தூக்கிவிட்டு அடியில் நிரப்புவார். அது இறுக எட்டு மாதம் ஆகும். அதுவரை ஊதவே கூடாது, ஊதினால் சவ்வு கிழிந்து எல்லாம் வீண் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

உன்
ஜெயராமன்

மனாமா, பஹ்ரைன்
6.3.2001

அன்புள்ள ஜெயராமா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாற்பத்தாறு வயதில் எலும்பை எடுத்து எலும்பில் வைப்பதெல்லாம் நமக்கு எதற்கு? புதுப் பல்செட் கட்டிக்கொள். சோறு தின்ன அது போதும்.

நானும் கிளாரினெட்டை விட்டேன். முதல் ஒரு வருடம் கை பரபரக்கும், அப்புறம் அடங்கிவிடும். இங்கே கேம்ப்பில் வாட்ச்மேன் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், உன் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் எடு. தங்கச்சி சரளாவிடமும் கேட்டுப் பார், புருஷனுக்கு அவளாவது புத்தியோடு பதில் சொல்வாள். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
முனிகிருஷ்ணன்

மர்பி டவுன்
29.4.2001

முனி,

கோபித்துக்கொண்டேன். அதனால்தான் இத்தனை நாள் பதில் இல்லை.

ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாள் ஆகிறது. மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். சரளா எனக்காக மிளகாய் தாளிப்பதையே விட்டுவிட்டாள். நீ கேட்கச் சொன்னாயே, கேட்டேன். "வாட்ச்மேன் வேலைக்கு எதுக்கு பல்லு, போகணும்னா அப்பவே போயிருக்கலாமே" என்றாள். புத்தியோடுதான் பதில் சொல்லியிருக்கிறாள்.

உனக்குக் கை அடங்கிவிட்டது, சந்தோஷம். எனக்கு அடங்கவில்லை, அடங்கவும் வேண்டாம். நீ கிளாரினெட்டை விட்டபோது நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரம்பெட்டை விடு என்று எனக்குச் சொல்ல நீ யார்? நான் ஊதத்தான் போகிறேன். உமேஷ் பேண்டிலேயே, அதே சிவாஜிநகர் தெருவிலேயே.

உன் அம்மாவுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நானும் உன் தம்பி நாகேஷும் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீ கவலைப்படாதே.

ஜெயராமன்

மனாமா
17.8.2001

ஜெயராமா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மா போன அன்று கம்பெனி எனக்கு லீவு தரவில்லை, பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். போனில் உன்னிடம் அழுதேன். என் இடத்தில் நீ நில், நம் பேண்டு வரட்டும் என்றேன். நீயும் சரி என்றாய். உன் வாய் இன்னும் ஆறவில்லை என்பது அந்த நேரம் என் நினைவிலேயே இல்லை.

இப்போது நாகேஷ் எழுதியிருக்கிறான். உமேஷின் டிரம்பெட்காரன் அன்று வேறு ஊரில் இருந்தானாம். நீ வீட்டுக்குப் போய் உன்னுடையதை எடுத்து வந்து, வீட்டு வாசலிலிருந்து கல்பள்ளி மயானம் வரை ஊதினாயாம். குழியருகே உன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதாம். மறுநாள் நீ குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்ததாம். அதற்கப்புறம் மூன்று கடிதம் போட்டிருக்கிறாய், ஒன்றிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பேண்டு வரட்டும் என்றுதானே சொன்னேன், உன்னை ஊதச் சொல்லவில்லையே. மூன்று மாதம் காப்பாற்றியதை எனக்காகக் கெடுத்துக்கொண்டாய். உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அம்மா இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பாள். இதோடு விட்டுவிடு. இன்னொரு முறை வாயைக் கிழித்துக்கொள்ளாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

முனி

மர்பி டவுன்
9.9.2001

அன்புள்ள முனிக்கு,

நீ சொன்னதால் ஊதினேன் என்று நினைத்து அழுகிறாய். உனக்கு அவ்வளவு மரியாதை நான் எப்போது கொடுத்தேன்?

அன்று இரண்டு டிரம்மும் ஒரு கிளாரினெட்டும்தான் வந்தன. ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி வாசித்தார்கள். உன் அம்மா முத்தம்மா அப்படிப் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வாயில் பல்செட்டும் கிடையாது, ஈறை அழுத்தித்தான் ஊதினேன். உச்சத்துக்குப் போக முடியவில்லை, கீழேயே ஊதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை, உமேஷ் தொப்பியைக் கழற்றிவிட்டான். ரத்தம் வந்தது, ஆமாம். தெரிந்துதான் ஊதினேன். நாளைக்கே அப்படி ஒன்று நடந்தாலும் ஊதுவேன்.

டாக்டர் ரூபினி எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கத்தினார். வைத்த எலும்பு போய்விட்டது. யாருக்காக ஊதினீர்கள் என்று கேட்டார். என் சிநேகிதனின் அம்மாவுக்கு, அவனால் வர முடியவில்லை என்றேன். எக்ஸ்ரேயை உறைக்குள் வைத்துவிட்டுக் காலண்டரைப் புரட்டினார்.

புண் ஆறியதும் கார்த்திகையில் மறுபடி செய்யலாம் என்கிறார். இந்த முறை இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், சில வாரம் நொண்டி நடக்க வேண்டியிருக்கும். மறுபடி எட்டு மாதம். நீ விட்டுவிடு என்று எழுதிய கடிதம் சட்டைப்பையில் இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு டாக்டர், "இந்த தடவையாவது ஊதாம இருப்பீங்களா?" என்று கேட்டார். இருப்பேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன்.

அதனால் மர்பி டவுனில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன்: கார்த்திகையிலிருந்து அடுத்த ஆடி முடியும் வரை இங்கே யாரும் சாகக்கூடாது. மூலை வீட்டு ஜகதாம்பாள் மட்டும், எண்பது வயதில் தன்னால் உறுதி கொடுக்க முடியாது என்கிறார். அவரிடம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். உயரத்தில் ஏறும்போது பெல்ட்டை மாட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஏதாவது ஒன்று என்றால் டாக்டருக்குச் செய்த சத்தியத்தை நான் காப்பாற்ற மாட்டேன்.

உன்
ஜெயராமன்