ஊர் வரலாற்றில் 1946

அன்புள்ள அக்காவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். லோமெச் ஊர் வரலாற்றை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். மலைச்சரிவு, ஓடை, பெருந்தீ, போருக்காக உருக்கப்பட்ட மாதா கோயில் மணி எல்லாம் சுலபமாக வந்தன. 1946-இல் பேனா நின்றுவிட்டது.

போர் முடிந்து, நம் செக் ஊர்களில் இருந்த ஜெர்மன்காரர்களையெல்லாம் ஜெர்மனிக்கு அனுப்பிய அந்த மே மாதம், கமிட்டித் தலைவர் வோரெல் என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, உங்க அக்கா வீட்டுக்காரர் ஏர்வின் போர்க்காலத்துல நாஜிகளுக்குத் தெரியாம நம்மாளு ஒருத்தனைப் பரண்ல ஒளிச்சு வச்சிருந்தாராமே? சாட்சி இருந்தா அவர் இங்கயே இருந்துக்கலாம்."

அந்தப் பரணில் ஏழு வாரம் படுத்திருந்தவன் நான். ஆனால் இன்னொரு ஜெர்மன்காரருக்குச் சாட்சி சொன்ன தபால்காரனை முந்தின வாரம்தான் அடித்துப் போட்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

மாமாவோடு கிளம்பிய நீ ரயிலடியில், "ஏன்டா, நான் பரணுக்குக் கொண்டாந்த சூப்புகூடவா மறந்துபோச்சு?" என்று கேட்டாய். மாமாதான், "விடு, அவன் இங்க வாழணும்ல" என்றார். முதல் குளிர்காலத்திலேயே அவர் அங்கே அகதி முகாமில் இறந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நேற்று அந்தப் பக்கத்தை முடித்தேன். "இவ்வாண்டு இருபத்திரண்டு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின." அவ்வளவுதான் எழுதினேன். "சுருக்கமா, நல்லா இருக்கு" என்றார் வோரெல்.

இந்தக் கடிதத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, நான் மறுக்கமாட்டேன் என்று எழுத ஆசைதான். மறுப்பேன், அக்கா.

உன் தம்பி