என் மகள் லவ்டேக்குப் பால் கொடுக்க அனுமதி வேண்டி

அனுப்புநர்:
டார்கஸ் பெல்லோ,
கொல்லர் ஜேபஸ் பெல்லோவின் மனைவி,
தற்சமயம்: வலை பின்னும் விதவை கெரன் வீடு,
படகுத்துறைச் சந்து, போர்த்வெல்லன், கார்ன்வால்.

பெறுநர்:
மாண்புமிகு மாஜிஸ்திரேட் அவர்கள், போர்த்வெல்லன்.

பொருள்: தந்தை வசம் உள்ள ஏழு மாதக் கைக்குழந்தைக்குத் தாய் பாலூட்ட உத்தரவு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டு வேலைக்கு வந்த ஆனர் என்பவளை என் கணவர் அறுவடைக்குப் பின் தன்னோடு வைத்துக்கொண்டார். ஆட்சேபித்த என்னைப் பட்டறை இடுக்கியால் அடித்தார். முறிந்த இடது கை கோணலாகக் கூடியிருக்கிறது. குழந்தையுடன் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன்.

2. மறுநாளே கான்ஸ்டபிளுடன் வந்தார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. "கையை எடும்மா. பெத்தது நீயா இருக்கலாம், சட்டப்படி புள்ளை அவருது" என்றார் கான்ஸ்டபிள். குழந்தை மார்பை விடவில்லை. என் கணவர் அதன் மூக்கைப் பொத்தினார். மூச்சுக்கு வாய் திறந்ததும் பிடுங்கிக்கொண்டார். கான்ஸ்டபிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3. பிள்ளைக்காகத் திரும்பிப் போனேன். "ஆனருக்குச் சமைச்சுப் போடு, துணி துவை. புள்ளையத் தொடலாமான்னு அப்புறம் பாப்போம்" என்றார் என் கணவர். அப்படியே செய்தேன். குழந்தை மாடியில் அழும்போதெல்லாம் என் சட்டை நனையும். "பசு தானா கறக்குது பாருங்க!" என்று ஆனர் அவரிடம் காட்டிச் சிரிப்பாள். குழந்தைக்குத் தண்ணீரில் ஊறிய ரொட்டிதான் ஊட்டினார்கள். ஒளிந்து ஏறிப் பால் கொடுத்ததற்காக என்னைக் கரி அறையில் பூட்டினார். அங்கிருந்து தப்பி வந்திருக்கிறேன்.

4. வக்கீலிடம் முறையிட்டேன். "கல்யாணமான பொம்பளை சட்டத்துல தனி ஆளே இல்லம்மா. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஆளு. அந்த ஆளு அவன்தான்" என்றார். ஒரே ஆள் என்றால் என் கை முறிந்தபோது அவருக்கு ஏன் வலிக்கவில்லை என்று கேட்டேன். எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

5. லவ்டே இப்போது அழுவதில்லை, முனகுகிறாள் என்று என் கணவரின் அண்டை வீட்டுப் பெண் சொல்லியனுப்பினாள். பிள்ளையை என்னிடமே கொடுங்கள் என்று கேட்கவில்லை ஐயா. பால் மறக்கும் வரை, என் கணவர் சொல்லும் இடத்தில், யார் முன்னிலையிலானாலும், அவளுக்குப் பாலூட்ட உத்தரவிட்டால் போதும். எனக்கு இன்னும் வற்றவில்லை. தாமதிக்காமல் இரங்க வேண்டும். நான் இருக்கும் இடத்தை மட்டும் அவருக்குத் தெரிவிக்க வேண்டாமெனக் காலில் விழுந்து கேட்கிறேன்.

போர்த்வெல்லன்,
9 நவம்பர் 1836.

தங்கள் கருணையை எதிர்நோக்கும்,
டார்கஸ் பெல்லோ

(மனுவின் பின்பக்கத்தில் அலுவலகக் குறிப்பு)
மனுதாரர் மணமானவர். கணவரின் ஒப்புதலின்றி மனு ஏற்கத்தக்கதல்ல. உரிய நடவடிக்கைக்காக, முகவரியுடன், கணவர் ஜேபஸ் பெல்லோவுக்கே அனுப்பப்பட்டது.