கடைசிக் கதிரையில் இருக்கும் ராத்தாவுக்கு

எனக்கு முன்னே பிறந்து எனக்கு முன்னே போய்விட்ட ராத்தாவுக்கு, ஸலாம்.

அல்லாஹ் உங்கள் கபுருக் குழியை விசாலமாக்கட்டும். தொழுகைக்குப் பிறகு துஆ கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்த மாதம் நடந்ததைப் பற்றிக் கேட்க உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. இதை முகநூலில் போடுகிறேன், உங்களிடம் படித்தவர்கள் பலர் பார்ப்பார்கள். அவர்களில் யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லட்டும்.

பல்கலைக்கழகத்தில் உங்கள் வகுப்பு இப்போது என்னிடம். பள்ளிக்கூடங்களில் தொழில்நுட்பம் படிப்பிக்கப் போகிற பிள்ளைகளை ஆசிரியர்களாக்கும் அதே வேலை. கடல் காற்றில் துருப்பிடித்த அதே யன்னல். பிள்ளைகள் விடுகிற பிழையும் அதேதான். இயந்திரத்தின் பக்கம் திரும்பினால் போதும், வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இயந்திரத்தோடேயே கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்கு நீங்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தீர்கள். பயிற்சிப் பாடம் நடக்கும்போது கடைசிக் கதிரையில் நீங்களும் ஒரு மாணவி மாதிரி இருப்பீர்கள். பாடம் நடத்துகிறவர் முதுகைக் காட்டிய உடனே சத்தமில்லாமல் எழும்பி வெளியே போய்விடுவீர்கள். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் திரும்பிப் பார்த்தால் கதிரையில் ஆள் இருக்காது. யன்னலுக்கு வெளியிலிருந்து உங்கள் குரல் மட்டும் கேட்கும். "நான் எப்ப போனன்?"

யாராலும் பதில் சொல்ல முடிந்ததில்லை. "மெசினப் படிப்பிக்கிறது லேசு. பக்கத்தில நிக்கிற புள்ளையில கண் வைக்கிறதுதான் பாடு" என்பீர்கள். நீங்கள் நாடகத்தில் சேர்ந்திருக்க வேண்டியவர் என்று நான் கேலி செய்வேன். நீங்கள் மௌத்தான பிறகு அதை நான் செய்யவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மனம் வரவில்லை.

இந்த வருஷம் ஸிபானா என்று ஒருத்தி படிக்கிறாள். கல்முனைக்குடிப் பிள்ளை. உங்களைக் கண்டதே இல்லை. கெட்டிக்காரி, ஆனால் பயந்தவள். கற்பித்தல் பயிற்சியில் தவறினால் பட்டம் ஒரு வருஷம் பின்னுக்குப் போகும். அதற்குள் கல்யாணத்தை முடித்துவிட்டு, படிப்பையும் நிறுத்திவிடுவதாக வீட்டில் பேச்சு. "பொம்புளப் புள்ளைக்கு இரும்போட என்ன வேல?" என்று அவளுடைய மாமா என் முகத்துக்கு நேரேயே கேட்டார். "எனக்குச் சோறு போடுறதே இரும்புதான்" என்றேன். மனுசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனார்.

அவளுடைய பாடம் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றின் பட்டறையில் நடந்தது. நானும் வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளரும் சுவரோரமாக நின்றோம். துளையிடும் இயந்திரத்தில் அலகைப் பூட்டிக் காட்டினாள். நான் பயந்த மாதிரியே வகுப்புக்கு முதுகைக் காட்டினாள். சரி, போச்சு என்று நினைத்தேன். கை சுவிச்சுக்குப் போனது. அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பினாள்.

"கடைசிக் கதிரையில இருந்தவங்க எங்க?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அதில ஒருத்தரும் இருக்கல்ல, டீச்சர்" என்றாள் முன்வரிசைச் சிறுமி.

"இருந்தாங்க. இப்பதான் எழும்பிப் போனாங்க" என்று சொல்லிவிட்டு ஸிபானா வெளியே போனாள். மதிப்பீட்டாளர் குனிந்து எதையோ எழுதினார். நான் இயந்திரத்துக்குக் கிட்டப் போனேன். அலகை இறுக்கிய சாவி கழற்றாமல் அதிலேயே இருந்தது. சுவிச்சைப் போட்டிருந்தால் அது கல்லைப் போலப் பறந்திருக்கும். பக்கத்தில் அந்தச் சிறுமி முகத்தை நீட்டியபடி நின்றாள். அவளைப் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சாவியைக் கழற்றினேன்.

"சாவியும் கழட்டல்ல, வகுப்ப விட்டுட்டு வெளியயும் போயிட்டா. பாஸ் போட ஏலா மெடம்" என்றார் மதிப்பீட்டாளர். அவர் சொன்னதில் பிழை இல்லை.

"ஓம் சேர். ஆனா சுவிச்சப் போட முன்னம் புள்ளைகளத் திரும்பிப் பார்த்தா. அது இல்லாட்டி இப்ப நாம ஆஸ்பத்திரியில நிப்பம்" என்றேன். இன்னொரு பாடம் நடத்த விடலாம், அதோடு சரி என்றார் அவர்.

பட்டறைக்கு வெளியே ஸிபானா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அப்பால் வெறும் மணலும் கடலும்தான்.

"என்னத்துக்கு மகள் திரும்பின?" என்று கேட்டேன்.

"வெளியால இருந்து ஒராள் கேட்டாங்க மெடம். நான் எப்ப போனன் எண்டு."

எனக்குப் பேயிலும் ஜின் கதைகளிலும் எவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்குத் தெரியும். விளக்கு தானாக அணைந்தால் வயரைச் சோதிப்பவள் நான். இந்த வாக்கியத்தை நான் எப்படிச் சோதிப்பது? உங்கள் பழைய மாணவர் யாராவது அவளிடம் சொல்லியிருப்பார்களோ என்று விசாரித்தேன். அவளுக்கு அப்படி ஒருவரையும் தெரியாது.

அடுத்த கிழமை மறுபாடம். நிற்க முடியாமல் கால் கடுத்தது. கடைசிக் கதிரைதான் ஆளில்லாமல் இருந்தது, போய் உட்கார்ந்தேன். ஸிபானா இயந்திரத்தடியிலிருந்தே என்னைப் பார்த்தாள்.

"மெடம், கொஞ்சம் அங்கால இருங்க. அதில ஆள் இருக்கு."

வராத பிள்ளைக்கு இடம் வைத்திருக்கிறாள் என்று நினைத்து மதிப்பீட்டாளர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பிச் சுவரோரம் போய் நின்றேன். பாடம் முழுக்க அவள் ஒரு தடவைகூட முதுகைக் காட்டவில்லை. இயந்திரத்துக்குப் பக்கவாட்டில் நின்றாள். சாவியைக் கழற்றி உயர்த்தி எல்லோருக்கும் காட்டினாள், கடைசிக் கதிரைப் பக்கமும் காட்டினாள், அதன் பிறகே சுவிச்சைப் போட்டாள். பாஸ். இந்த வருஷமே பட்டம். மாமா இனி வேறு கதை தேட வேண்டும்.

சந்தோஷமான செய்திதான் ராத்தா. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசிப் பின்னேரம், உங்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற மேசைப் பக்கம் திரும்பினேன். ஊற்றிக்கொண்டே அப்போது படித்த பிள்ளைகளைப் பற்றி ஏதோ முறைப்பாடு சொன்னேன். நீங்கள் "ம்" போடவில்லை. திரும்பினேன். நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலையே பார்த்து நின்றேன். தாதி வந்து கோப்பையை வாங்கிய பிறகும் நின்றேன். எதற்காக நின்றேன் என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை. வெளியிலிருந்து நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

முன்பின் தெரியாத பிள்ளையிடம் போய்க் கேட்டீர்கள். என்னிடம் ஏன் கேட்கவில்லை? எனக்குப் பதில் தெரியாது என்று விட்டுவிட்டீர்களா?

அடுத்த மாதம் புதிய பிள்ளைகள் வருகிறார்கள். கடைசிக் கதிரையில் யாரையும் இருத்த மாட்டேன். நானும் இருக்க மாட்டேன். கரும்பலகையில் எழுதும்போதும் இயந்திரத்தைத் தொடும்போதும் அந்தக் கதிரை என் கண்ணில் இருக்கும். வாருங்கள், வந்து இருங்கள். இந்த முறை நீங்கள் எழும்பினால் நான் காண்பேன். வாசல்வரை கூட வருவேன்.

முதுகைக் காட்டி நின்ற
உங்கள் தங்கச்சி